நூலும் நமதல்ல, துணியும் நமதல்ல!

(சாமளாபுரத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சோமனூர் வழியாக உங்கள் ஊருக்குள் நுழைந்தேன். முன்பெல்லாம் இந்தச் சாலையில் வருவோரை வரவேற்பது தறியோசை. பேச்சாளன் தொண்டையைச் சரிசெய்து கொள்வதற்கு முன்பே, "நீ பேசுவது இருக்கட்டும், முதலில் நான் பேசுவதைக் கேள்" என்று ஆயிரம் தறிகள் அதட்டும். இன்று மாலை அந்த அதட்டல் குறைந்திருக்கக் கண்டேன். ஒரு குடோனில் பூட்டு. இன்னொரு குடோனின் வாயிலில் தறிச் சட்டங்கள் கழற்றி அடுக்கப்பட்டிருந்தன. எதற்கென்று கேட்டேன். எடைக்குப் போடுவதற்காம்! பாட்டன் கடன் வாங்கிப் போட்ட தறியைப் பேரன் கிலோக் கணக்கில் விற்கிறான்.

இந்தக் காட்சியைக் கண்ட கண்ணோடு மேடையேறினால், தலைவர் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு என்ன தெரியுமா? "புத்தொழில் உலகம்: புதிய செய்திகளும் வாய்ப்புகளும்." பூட்டிய குடோனுக்கு முன்னால் நின்று புத்தொழில் பற்றிப் பேசுவதா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். இதைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்று தோன்றிற்று.

ஆங்கிலத்தில் ஸ்டார்ட்-அப் என்கிறார்கள். நாம் புத்தொழில் என்கிறோம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நெடுநாளாகத் தீராத ஒரு தொல்லைக்குப் புதிய தீர்வொன்றைக் கண்டு, அதைப் பொருளாகவோ மென்பொருளாகவோ ஆக்கி, பத்துப் பேருக்கு விற்பதைப் பத்தாயிரம் பேருக்கு விற்கும் அளவுக்கு விரைந்து வளர்க்க முனையும் இளம் நிறுவனம். அவ்வளவுதான்.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் கோவையில் இரண்டு விழாக்கள் நடைபெற்றன. அவிநாசிச் சாலையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் திறக்கப்பட்டது, அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டது. அதே நாளில் கொடிசியா வளாகத்தில் உலகப் புத்தொழில் மாநாடு தொடங்கிற்று. யாரேனும் திட்டமிட்டார்களா, தற்செயலாக நேர்ந்ததா, நானறியேன். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வைத்த காலத்தின் குறும்பை நான் மெச்சுகிறேன்.

ஏனென்றால் அந்த நாயுடு யார்? உங்களுக்கு அந்நியரல்லர். இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள சூலூர்ப் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. அவரும் பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். அதை வாங்குவதற்காகக் கோவையில் உணவு விடுதியில் பரிமாறும் வேலைக்குப் போனார். வாங்கினார், ஓட்டினாரா? கழற்றினார்! உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தார், மீண்டும் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். 1937இல் பாலசுந்தரம் அவர்களோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்யப்பட்ட மின் மோட்டாரைக் கொண்டுவந்தார். அந்நாளில் ஸ்டார்ட்-அப் என்ற சொல் இல்லை, செயல் இருந்தது.

ஆனால் நாயுடுவின் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். "பார்த்தாயா, தனி மனிதனின் முயற்சி!" என்று சொல்லி, அரசாங்கத்துக்கு அங்கே இடமே இல்லை என்பதுபோல் முடிக்கிறார்கள். மோட்டார் ஓடியது எதனால்? மின்சாரத்தால். மின்சாரம் வந்தது எங்கிருந்து? நீலகிரியின் பைகாராவிலிருந்து. அணை கட்டி, சுழலி பூட்டி, கம்பி இழுத்து 1932இல் அதைக் கொண்டுவந்தது பொதுப்பணம். ஆலைகள் பெருகின, மோட்டாருக்கும் பம்புக்கும் சந்தை பிறந்தது, பட்டறைகள் பிறந்தன, பட்டறையில் சுத்தியல் பிடித்தவன் மகன் முதலாளியானான். மலைமேல் பொதுமக்கள் பணம் விழுந்தது. சமவெளியில் தனியார் செல்வம் விளைந்தது. தவறென்று சொல்லவில்லை. விளைந்த பிறகு விதையை மறக்க வேண்டாமென்றுதான் சொல்கிறேன். 2024 மே 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவிய அக்னிகுல் என்ற இளம் நிறுவனத்தைப் பாராட்டுகிறோமே, அது வளர்ந்த தொட்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம். அது ஏவிய மண் இஸ்ரோவின் மண். அந்தத் தொட்டிலும் மண்ணும் நம் வரிப்பணத்தில் ஆனவை.

இப்போது நம் தறிக்கு வருவோம்.

கூலி நெசவு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நகரத்திலிருந்து வருபவர்களுக்கு நான் சொல்வதுண்டு: பாவு ஜவுளி உற்பத்தியாளருடையது, ஊடை நூலும் அவருடையது, நெய்து முடித்த துணியும் அவருடையது. தறி நம்முடையது, மின்கட்டணம் நம்முடையது, உதிரிப் பாகச் செலவு நம்முடையது, காதைச் செவிடாக்கும் இரைச்சல் முழுவதும் நம்முடையது! மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியை உயர்த்தக் கேட்டு 2025 மார்ச்சு மாதம் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட தறிகளை நிறுத்தினோம். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது போராட்டம். உண்ணாவிரதம் இருந்தோம். சோமனூர் ரகத்துக்கு 15 விழுக்காடு, ஏனைய ரகங்களுக்கு 10 விழுக்காடு என்று முடிந்தது. வெற்றிதான். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகும் துணி யாருடையது? அவருடையதே.

இந்தக் கூலி நெசவு தறியோடு நிற்கிறது என்று நினைத்தால் அது பிழை. பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்தீர்கள். ஒரு தறியை விற்று ஒரு பருவத்துக்குக் கட்டணம் கட்டினீர்கள். பிள்ளை சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்க் கணிப்பொறி முன் அமர்ந்துவிட்டான். மகிழ்ச்சி! ஆனால் அங்கே நடப்பது யாது? கடலுக்கு அப்பாலிருந்து ஒரு நிறுவனம் பாவு அனுப்புகிறது, இவன் குளிரூட்டிய அறையில் அமர்ந்து மணிக் கணக்கில் நெய்து திருப்பி அனுப்புகிறான், துணி அவர்களுடையது. இரைச்சல் இல்லை, பஞ்சுத் தூசி இல்லை, சம்பளம் பெரிது. அதற்காக இவனை நான் இகழவில்லை. ஆனாலும் இது கூலி நெசவின் சட்டை போட்ட தம்பி என்பதை மறைக்க முடியுமா? கூலி கொடுப்பவன் நாளை வேறிடத்தில் மலிவாக நெய்யலாமென்று கண்டால், அல்லது நெய்வதற்கு ஓர் இயந்திர மூளையே போதுமென்று கண்டால், இவன் நிலை என்ன? பனியன் தொழிலில் நாம் கண்டோமே! 2024-25இல் திருப்பூரின் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைத் தொட்டதென்று மகிழ்ந்தோம். 2025 ஆகஸ்டு 27 முதல் 50 விழுக்காடு வரி என்று அமெரிக்கா ஒரு கையெழுத்துப் போட்டது. வாஷிங்டனில் பேனா அசைந்தது; திருப்பூரில் ஓவர்லாக் இயந்திரம் நின்றது. பிறர் பெயரைத் தாங்கிய ஆடையைத் தைத்துக் கொடுப்பவன் கதி அது.

சொந்தத் துணி நெய்தால் என்ன ஆகும்? அதற்கும் நம்மிடையே சான்று உண்டு. திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம், 2021 செப்டம்பர் 22இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. ஏறிய அன்று அங்கே பணியாற்றியோரில் 500 பேருக்கு மேல் கோடிக்கு உடையவர்களானார்கள். அவர்களில் ஏறத்தாழ 70 பேர் முப்பது வயது நிரம்பாதவர்கள். எப்படி? கூலியோடு பங்கும் கொடுத்திருந்தார்கள். (தறி சென்னையில் ஓட, தலைமையகம் கலிபோர்னியாவில் இருக்கிறதே என்று ஒரு தோழர் என்னிடம் குறுக்கிட்டார். குறுக்கீடு நியாயமானது.) கோவையிலேயே சரவணகுமார் என்பவர் 2011இல் தொடங்கிய கோவை.கோ என்ற நிறுவனம், மூன்றாண்டு உடனிருந்தோருக்கு ஆண்டு ஊதியத்தில் பாதியைத் தருவதாகச் சொல்லியிருந்தது. 2025 தொடக்கத்தில் 140 பேருக்கு மொத்தம் 14 கோடியே 50 இலட்சம் ரூபாயைப் பகிர்ந்தது. முதலாளிகள் மனம் மாறித் துறவு பூண்டுவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. திறமையுள்ள ஆள் ஓடிவிடக் கூடாதே என்ற கணக்கும் அதிலே இருக்கிறது. இருக்கட்டும்! பங்கு கேட்பது பாவமல்ல, பேராசையல்ல, தொழிலைக் கெடுப்பதல்ல என்பதற்கு இவை சாட்சி. தறித் தொழிலாளி போனஸ் கேட்டபோது "தொழில் தாங்காது" என்று சொன்ன நாக்குகள், இதைக் கேட்டு என்ன சொல்லும்?

"அதெல்லாம் படித்தவர்கள் கதை, எங்கள் கதை ஏதேனும் உண்டா?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் நினைக்கிறார்; முகத்தில் தெரிகிறது. உண்டு ஐயா!

கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் கைத்தறி நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தந்தை விபத்தில் இறந்தார். பதினான்கு வயதில் படிப்பு நின்றது. இரும்புப் பட்டறையில் வேலை. 1998இல் திருமணம். மனைவி மாதவிலக்குக் காலத்தில் பழந்துணியை மறைத்து மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டார். கடையில் விற்கும் பஞ்சுப் பட்டை வாங்கினால் வீட்டில் பால் வாங்கக் காசிருக்காது என்றாராம் அந்த அம்மையார். கையிலெடுத்துப் பார்த்தார்: சில பைசா பெறும் பஞ்சுக்கு இத்தனை ரூபாயா? நானே செய்கிறேன் என்று கிளம்பினார். பருத்திப் பஞ்சை வைத்தார்; பயன்படவில்லை. சோதித்துப் பார்க்கப் பெண்கள் முன்வரவில்லை. பந்தின் உள்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தம் உடலில் கட்டிக்கொண்டு தாமே நடந்தார், சைக்கிள் மிதித்தார். ஊர் என்ன சொல்லிற்று? பேய் பிடித்துவிட்டது என்றது! மனைவி பிரிந்தார், தாய் பிரிந்தார். உள்ளே இருப்பது பருத்தியல்ல, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே இரண்டாண்டுக்கு மேல் ஆயிற்று. வெளிநாட்டு இயந்திரம் கோடிக் கணக்கில் விலை. அவர் செய்த இயந்திரமோ ஆயிரக் கணக்கில் அடங்கிற்று. 2006இல் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தார் அதைக் கண்டு வியந்தனர். 2016இல் பத்மஸ்ரீ. பிரிந்த குடும்பமும் திரும்பிற்று.

இதிலே எனக்கு மிகப் பிடித்த பகுதி விருதல்ல. பெரு நிறுவனத்துக்கு விற்றுக் கோடி பார்க்கலாம் என்ற வழி திறந்திருந்தது. அவர் இயந்திரத்தை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விற்றார். வாங்கிய பெண்கள் தாமே உற்பத்தியாளர், தாமே விற்பனையாளர், துணி அவர்களுடையது!

தெலங்கானத்தில் மல்லேஷம் என்றொரு நெசவாளர். சேலைக்கு நூல் இழுக்கத் தாயின் கை நாளெல்லாம் ஆயிரக் கணக்கான முறை போய்த் திரும்ப, தோள் ஓய்ந்துபோனதைப் பொறாமல், 1999இல் அந்த வேலைக்கு இயந்திரம் செய்தார். அவரும் பெரிய படிப்புப் படித்தவரல்லர். இருவரிடமும் இருந்த மூலதனம் ஒன்றே: தொல்லை எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓட்டலின் மாடியில் அமர்ந்து "சந்தையில் என்ன குறை?" என்று வினாத்தாள் நிரப்பித் திரிவோருக்குக் கிட்டாத மூலதனம் அது.

சாமளாபுரத்தில் அந்த மூலதனம் குவிந்து கிடக்கிறது. பாவு இழை ஒன்று அறுந்தது தெரியாமல் தறி ஓடினால், நீளத்துக்கும் குறை விழுகிறது. துணியைப் பார்த்துக் குறை என்று சொல்லிக் கூலியில் வெட்டுகிறார்கள். ஒருவர் எட்டுத் தறியைப் பார்க்கும்போது எந்த இழை எங்கே அறுந்தது என்று கண்ணால் எப்படிக் காண்பது? பழைய நாடாத் தறியிலேயே மாட்டக்கூடிய, ஏழைத் தறிக்காரன் வாங்கக்கூடிய ஒரு சிறு கருவி இதைச் சொன்னால்? வந்த நூல் எவ்வளவு, கொடுத்த துணி எவ்வளவு, வரவேண்டிய கூலி எவ்வளவு என்று கைப்பேசியிலேயே தமிழில் கணக்கெழுதி, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும்படி வைத்தால், கூலிப் பேச்சுவார்த்தையில் நம் கை எவ்வளவு வலுக்கும்! திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாய ஆலைகள் மூடப்பட்டன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்ற நிலையில் சுத்திகரித்து மீண்டன. நொய்யலின் நீர் உங்கள் குளத்தில் தேங்குகிறது. அந்த ஆற்றின் துன்பம் உங்களுக்குத் தெரியும். சுத்திகரித்த பின் மிஞ்சும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கிறது. அதை என்ன செய்வது? விடை கண்டவன் நாட்டுக்கே வழி காட்டியவனாவான்.

இதற்கெல்லாம் பணம்? இங்கேதான் நம் தோழர்கள் காது கொடுக்க வேண்டும்.

ஒன்றிய அரசின் ஸ்டார்ட்-அப் இந்தியா திட்டம் 2016 ஜனவரி 16இல் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் அரசே அமைத்த புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம் டான்சீட் என்ற பெயரில் முளை நிதி வழங்கி வந்திருக்கிறது: 10 இலட்சம், பெண்கள் நடத்தும் நிறுவனமாகவோ, ஊர்ப்புறத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ பயன்படுவதாகவோ இருந்தால் 15 இலட்சம். கடனல்ல. அதற்கீடாக நிறுவனத்தில் 3 விழுக்காடு பங்கை அரசு வைத்துக்கொள்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நடத்தும் புத்தொழில்களில் முதலீடு செய்யவென்றே 2022-23இல் 30 கோடி, அடுத்த ஆண்டு 50 கோடி என்று நிதி ஒதுக்கப்பட்டது. அடமானம் வைக்க நிலமில்லாதவன் வங்கி வாயிலில் நின்று திரும்பிய நாட்டில் இது சிறிய செய்தியா? 2025 மாநாட்டில் 100 கோடியில் மேலும் ஒரு நிதியம் அறிவித்தார் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின். வழிகாட்டவும் இடம் தரவும் கோவையில் பி.எஸ்.ஜி. கல்லூரியைச் சார்ந்த தொழில்முனைவோர் பூங்கா 1998 முதல் இருக்கிறது. திருப்பூரிலேயே, நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியில், ஆடைத் தொழிலுக்கென்றே ஒரு வளர்ப்பகம் அடல் திட்டத்தின் கீழ் அமைந்தது. திருமுருகன்பூண்டியில் சிறு டைடல் பூங்கா எழும்பிற்று.

இத்தனையும் இருந்தும் இந்தத் தெருவிலிருந்து எத்தனை விண்ணப்பம் போயிற்று? கைகளைக் காட்டுங்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தமாட்டேன். குற்றம் உங்களுடையதுமல்ல. அறிவிப்பு ஆங்கிலத்தில்; கூட்டம் நகரத்து விடுதி மண்டபத்தில்; பேசுவோர் ஒருவருக்கொருவர் முன்பே அறிமுகமானவர்கள். மாநிலத்தில் பதிவான புத்தொழில்கள் 12,000ஐத் தாண்டிவிட்டன என்று நாளேட்டில் படித்தோம். அந்த எண்ணுக்குள் தறிக்குடோனில் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டியது நம் கடமை.

இவ்வளவு சொன்னதால் நாளைக் காலையிலேயே வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்! புத்தொழில்களில் பெரும்பாலானவை தோற்கின்றன. தோற்றவர் படத்தை நாளேடு போடுவதில்லை. பைஜூஸ் என்ற கல்வி நிறுவனத்தை 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பென்று கொண்டாடினார்கள். 2024 ஜூலையில் அது திவால் வழக்கில் நின்றது. மதிப்பு என்பது முதலீட்டாளர் வாயில் பிறப்பது. சம்பளப் பாக்கியோ தொழிலாளியின் அடுப்பில் தெரிவது. ஆகவேதான் முதல் பணம் பொது நிதியாக இருக்கட்டும் என்கிறேன். தாலியும் தறியும் பணயமாகக் கூடாது.

இன்னொன்று. கைப்பேசியில் அழுத்தினால் உணவு வருகிறதே, அதுவும் புத்தொழில்தான். அதைச் சுமந்து வரும் இளைஞனைத் "தொழிலாளி" என்று சொல்லாமல் "பங்காளி" என்று பெயரிட்டிருக்கிறார்கள். பங்கு எங்கே? விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? 2023 ஆகஸ்டு 15 அன்று தமிழ்நாட்டில் அவர்களுக்கென நல வாரியம் அறிவிக்கப்பட்டது; அறிவிப்போடு நில்லாமல் அதில் ஒவ்வொருவரையும் பதிய வைக்கும் வேலை நம்முடையது. நாளை இவ்வூரில் பிறக்கும் நிறுவனமும் இப்படிப் "பங்காளி" என்று ஏமாற்றினால், நம் பிள்ளை நடத்துவதாயிற்றே என்று நாம் வாய் மூடியிருக்க முடியாது. மூன்று விழுக்காடு பங்கை அரசு கேட்டு வாங்கியபோது எந்த நிறுவனமும் சரிந்துவிடவில்லை, உழைப்பவனும் கேட்கலாம்.

2017 ஏப்ரலில் மதுக்கடை வேண்டாமென்று இவ்வூர்ச் சாலையில் அமர்ந்த தாய்மார்களை நாடே பார்த்தது. காவல் அதிகாரியின் கை ஒரு பெண்ணின் கன்னத்தில் விழுந்ததையும் நாடே பார்த்தது. அந்தத் தாய்மார்கள் சிலர் இதோ முன்வரிசையில் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களிடம்தான் நான் முதலில் கேட்கிறேன்: பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டியும் கைமடித்தும் செக்கிங் பார்த்தும் முப்பதாண்டு கழித்த உங்களுக்குத் தெரிந்த குறைகள் எத்தனை? எழுதிக் கொடுங்கள், எழுத வராவிட்டால் சொல்லுங்கள், உங்கள் மகள் எழுதட்டும்.

வருகிற ஞாயிறு மாலை 6 மணிக்கு நம் படிப்பகத்தில் இரண்டு தோழர்கள் கணிப்பொறியோடு அமர்ந்திருப்பார்கள். ஒருவர் இவ்வூர்ப் பாவு ஓட்டியின் மகள், பொறியியல் முடித்தவர். நிதி விண்ணப்பங்களின் கேள்விகளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். நான் பார்த்தேன், தெளிவாக இருக்கிறது. தறியை எடைக்குப் போட எண்ணியிருப்போர் அதுவரை ஒரு வாரம் பொறுங்கள். வரும்போது, குறை என்று திருப்பிய துணியில் ஒரு முழம் கையோடு கொண்டு வாருங்கள். எந்தக் குறைக்கு எவ்வளவு வெட்டினார்கள் என்று அதன் ஓரத்தில் எழுதி வாருங்கள். அந்த முழங்களை வைத்துத்தான் வேலையைத் தொடங்கப் போகிறோம்.